சத்தம் வேண்டாம்

கடலூரில் தில்லைநாதனின் கடையில் அந்த டிஜிட்டல் ரேடியோ வருடக்கணக்காக விலை போகாமல் கிடந்தது. எடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும், “போன்லயே எல்லாம் வருதே” என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்று ஒரு மீனவத் தம்பதி அதையே கேட்டு வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியோவைப் போட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றினார்.

“சவுண்டு எப்படி இருக்கு தம்பி?”

கணவன் அன்பரசு அவர் பக்கம் திரும்பவே இல்லை. ரேடியோவின் சின்னத் திரையில் ஓடிய செய்தி எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அருள்மொழிதான் பேசினாள்.

“இந்த எழுத்து கடல்லயும் வருமாண்ணே? அங்க போனுக்கு டவர் கெடைக்காது.”

“வரும்மா. எழுத்தும் ரேடியோ அலையிலயே வருது, டவர் வேணாம். புயல் எச்சரிக்கைகூட இதுலயே ஓடும்.”

“அப்ப சவுண்ட சுத்தமா நிறுத்திடுங்க. பேட்டரி ரொம்ப நேரம் நிக்கும்.”

“சவுண்டு இல்லாம ரேடியோ எதுக்கும்மா? தம்பி, நீங்களாவது சொல்லுங்க!” தில்லைநாதன் கடுப்பானார்.

அருள்மொழி கணவனின் தோளைத் தொட்டு, விரல்களால் ஏதோ சொன்னாள். அவனும் விரல்களாலேயே பதில் சொல்லிவிட்டு, முகம் மலர மறுபடி திரையைப் படித்தான்.

“இவருக்குப் பொறந்ததுலேருந்து காது கேக்காதுண்ணே.”

தில்லைநாதன் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். கண்ணால் ரேடியோ கேட்கும் மனிதனை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

“இத்தன நாளு போட்ல கூட வர்றவங்க ரேடியோவ கேட்டு இவருக்குச் சொன்னாங்களாம்மா?”

“இன்ஜின் சத்தத்துல அவுங்களுக்கு எங்கண்ணே கேக்கும்? இனிமே இவருதான் அவுங்களுக்கெல்லாம் சொல்லப் போறாரு.”