கோடு வரை எச்சில்

அம்மாவைக் கொண்டுபோன நோய் தன் மரபணுவிலும் இருக்கிறதா என்று பார்க்க, தங்கை அந்தச் சின்னக் குழாயில் கறுப்புக் கோடு வரை எச்சில் துப்ப வேண்டும். ஓயாமல் பேசும் வாய் இன்றைக்குக் காய்ந்து கிடக்கிறது. குழாயின் அடியில் வெறும் நுரை, ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்குகிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. "புளிப்பா எதையாவது நெனச்சுக்கோங்க," என்கிறாள் நர்ஸ். போன மாதம் இதே சோதனையில் தனக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்ட அக்கா, பக்கத்து நாற்காலியில் துணைக்கு உட்கார்ந்திருப்பவள், எலுமிச்சம்பழத்தைக் கடித்தவள்போல் ஒரு கண்ணை மூடி முகத்தை அஷ்டகோணலாக்குகிறாள். தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. நாக்கடியில் எச்சில் ஊறுகிறது. துப்பத் துப்பக் குழாய் நிறைந்து கோட்டைத் தொடுகிறது. "சிரிச்சா அப்படியே அம்மாதான்டி நீ," என்கிறாள் அக்கா. சொன்ன பிறகுதான் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடிக்கிறாள். மூடியைத் திருகப்போன தங்கையின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. வாய் மறுபடி உலர்ந்துபோகிறது.