உருண்டைக் கேனும் சதுரக் கேனும்

“கண்ணை எங்க வெச்சுட்டு ஊத்தினீங்க மாப்பிள்ளை?”

புதுக் கேன் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் முன்னாலேயே மாமனார் கேட்டுவிட்டார். மருமகன் தலையைச் சொறிந்தான்.

விஷயம் இதுதான். வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம். புல்லுக்கு ஒரு தள்ளுகிற மெஷின், புதருக்கு ஒரு தோளில் மாட்டுகிற மெஷின். முதலாவதற்கு வெறும் பெட்ரோல் போதும். தோள் மெஷினுக்கு ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இரண்டு பழைய கேன்களில் ஷெட்டுக்குள் இருக்கும்; மேலே எழுதியிருப்பதைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். போன வாரம் தோள் மெஷினுக்குள் வெறும் பெட்ரோல் போய், என்ஜின் இறுகி நின்றுவிட்டது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொன்னதும், யாரும் கேட்பதற்குள் மருமகன் முந்திக்கொண்டான்.

“நான்தான் மாமா. நீங்க டீ குடிக்கப் போனப்போ கொஞ்சம் ஊத்தி வெச்சேன். மாறிப் போச்சு போல.”

மாமனார் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“தப்பா ஊத்தின கை இனிமே அந்த மெஷினைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்.”

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட மகள் துடித்துக்கொண்டிருந்தாள். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா? ஒரு ஆளைப் போட்டுக்கலாம்” என்று வாரா வாரம் ஆரம்பித்துவிடுவாள். இப்போது மருமகனே கோட்டை விட்டது அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. இளசுகளின் லட்சணம் இதுதான் என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்ளலாமே.

கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு சிவப்புக் கேன்களை எடுத்து வைத்தார். “ஒண்ணுல மார்க்கரால எழுதிக்கோங்க சார்.”

“எழுத்தெல்லாம் எனக்குச் சரிப்படாதுங்க” என்றான் மருமகன். “தொட்டாலே தெரியணும். ஒண்ணு உருண்டையா, ஒண்ணு சதுரமா கிடைக்குமா?”

மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “உருண்டை, சதுரம்! அடுத்து ஒண்ணு, ரெண்டு சொல்லிக் குடுக்கணுமா?”

மருமகன் அசரவில்லை. பெரிய கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நிரப்பினால் கனக்கும் என்று ஒதுக்கினான். சின்னது போதும். மூடி லேசாகத் திறக்கிறதா, மூக்கு நீளமாக இருக்கிறதா, டேங்க் நிறைந்ததும் தானாக நிற்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

“கேன் வாங்க வந்தோமா, கார் வாங்க வந்தோமா?” என்றார் மாமனார்.

பெட்ரோல் பங்க்கிலும் அதே கதைதான். “வண்டியில இருக்கட்டுமே, அப்படியே பிடிச்சுக்கலாம்” என்று அவர் சொல்லச் சொல்ல, தீப்பிடிக்கலாம் என்று கேன்களை இறக்கித் தரையில் வைத்தான். கழுத்து வரை நிரப்ப வேண்டாம், கொஞ்சம் இடம் விடுங்கள் என்றும் சொன்னான். சரியான பயந்தாங்கொள்ளி என்று மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெறும் பெட்ரோல் உருண்டைக்கு, ஆயில் கலந்தது சதுரத்துக்கு என்று முடிவாயிற்று. மாமனார் அதோடு விடவில்லை. ‘பெட்ரோல்’, ‘ஆயில்’ என்று இரண்டு சீட்டு எழுதி, அதனதன் கேனில் அழுத்தி ஒட்டினார்.

“உங்களுக்கு உருண்டையும் சதுரமும். எனக்கு எழுத்து போதும்.”

“சரிங்க மாமா.”

தோள் மெஷின் ரிப்பேர் ஆகி வந்தது. மறுநாள் காலை மாமனார் உற்சாகமாக ஷெட்டுக்குள் போனார். அரையிருட்டில் சீட்டை ‘ஆயில்’ என்று படித்து, கேனைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. உருண்டை.

“மாப்பிள்ளை மறுபடியும் மாத்தி வெச்சுட்டார் பாரு!”

முணுமுணுத்துக்கொண்டே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சீட்டில் ‘பெட்ரோல்’ என்றுதான் இருந்தது. அவருடைய கையெழுத்தேதான்.

திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார். எழுத்தே தெரியவில்லை. கறுப்பாக ஏதோ ஒரு தீற்றல். இத்தனை நாளும் அந்தத் தீற்றலைத்தான் அவர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்கு டீ குடிக்கப் போகும் முன் தோள் மெஷினை நிரப்பியது யார்? அவர்தான். விளிம்பு வரை நிரப்பிவிட்டுத்தான் போனார். அதற்கு மேல் மருமகன் ஊற்ற அதில் இடம் ஏது?

கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குத் தெரிந்தால் நாளைக்கே ஆள் வந்து நிற்பான். மகளை விடுங்கள், தீர்ப்பு சொன்னவரே அவர்தானே.

“மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படி வாங்க.”

மருமகன் வந்தான்.

“அன்னிக்கு நீங்க ஊத்தவே இல்லை. ஊத்தினது நான்.” சாவியை எடுத்து நீட்டினார். “தொடக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான். இந்தாங்க, ஷெட் சாவி.”

மருமகன் சாவியை வாங்கவில்லை. சமையலறை ஜன்னலை ஒரு தடவை பார்த்தான். அங்கே அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமாங்க மாமா, என் தப்புதான்! எத்தனை தடவைதான் சொல்லிக் காட்டுவீங்க?” என்றான், அவள் காதில் விழும்படி.

பிறகு குனிந்து, கேனை அவர் கையில் கொடுப்பதுபோல் மெதுவாகச் சொன்னான்:

“என் கண்ணு சரியில்லைன்னு அவகிட்ட சொல்லிட்டேன் மாமா. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம். நீங்க எனக்குத் துணைக்கு வர்றீங்க.”