மாத்திரைக்கும் பங்கு உண்டு

பங்கு வைக்காத மாத்திரையைத் தின்ன மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

டைபாய்டு. உடம்பு கொதிக்கிறது. தலையைத் தூக்கச் சீவனில்லை, வீறாப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி வள்ளத்து ஆட்கள் நின்றார்கள். வள்ளத்துக்கு வந்தது எதுவானாலும் சமபங்கு. மீன் மட்டுமில்லை, மருந்தும்தான். போன மாதம் இவர் காய்ச்சலுக்கு எழுதிக்கொடுத்த கேப்சூலை ஆளுக்கு ரெண்டாக எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் லேசாகத் தலைவலி இருந்ததாம். இவரும் தன் பங்கோடு நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனார், மகராசன்.

இப்போது காய்ச்சல் திரும்பிவிட்டது. அதே கேப்சூலை முழுசாகக் கொடுத்தும் அசையவில்லை.

அருணாசலவடிவு டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அரைகுறை மருந்தால் அடித்தால் கிருமி சாகாதாம். உசிருக்கு நெருக்கடி வந்ததும், மருந்திலிருந்து தப்பிக்கிற வித்தையைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளுமாம். சொந்தம், அந்நியம் கூடப் பார்க்காதாம்.

வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இஞ்ஞாசி அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கிருமியா இருந்தாலும் பங்கு வச்சிருது பாத்தியளா.”

என் கையில் மட்டும் ஒரு துடுப்பு இருந்திருந்தால் கதையே வேறு.

புதுத் துறைமுகத்து லாரிக்காரரிடம் சொல்லி மதுரையிலிருந்து வரவழைத்த வேறு மருந்து இது. ஒரு ஆளுக்குத்தான் காணும். ஒன்று குறைந்தாலும் ஆள் தேறமாட்டார் என்று டாக்டரம்மா என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதைத்தான் இவர் தட்டிவிடுகிறார். கூட்டாளிகளை விட்டுவிட்டுத் தின்றவனை எவன் வள்ளத்தில் ஏற்றுவான் என்கிறார். சம்மாட்டியும் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். டாக்டரம்மா அலமாரியைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் எல்லோர் கையிலும் ஒரு மாத்திரை. இவர் பார்க்க, விழுங்கினார்கள்.

“எல்லாருக்கும் வச்சாச்சு. இது ஒங்க பங்கு, வாயத் தொறங்க.”

திறந்தார். வேளாவேளைக்கு இதே கூத்துதான். காய்ச்சல் இறங்கி, கஞ்சி கேட்டு, அதற்குப் பிறகும் மருந்து தீரும்வரை நான் விடவில்லை.

சம்மாட்டி இன்றைக்கும் கடற்கரை முழுக்கப் பெருமை பேசித் திரிகிறார். மருந்து என்றால் அது மருந்தாம். ஒன்றுக்குப் போனால் மஞ்சள் மஞ்சளாக இறங்கியதாம். காய்ச்சல் விஷம் பூராவும் அதிலேயே போய்விட்டதாம்.

சத்து மாத்திரை தின்றால் அப்படித்தான் போகும் என்று டாக்டரம்மா எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.