தலைவர் வைத்த ரசம்

சிறையிலிருந்து வந்தவர்கள் தங்கும் இல்லத்துக்குத் தெருச் சங்கம் ஒரே நிபந்தனைதான் போட்டது: பொய் சொன்னால் கத்தும் பட்டையைக் கையில் கட்டியிருக்க வேண்டும். மற்றபடி வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு அனுப்பினார்கள்.

போலிப் பத்திரம் தயாரித்து உள்ளே போன பூமிராஜன், சங்கத் தலைவர் தனுஷ்கோடி வைத்த ரசத்தை “அருமை” என்றார். பட்டை கத்தியது. பக்கத்து வீட்டு அவியலுக்கும் கத்தியது. மானத்துக்குப் பயந்து தெருவே ஒழுங்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டது.

பட்டையைக் கழற்றி அவரை வழியனுப்பும் நாளில் தனுஷ்கோடி ஓடிவந்தார்.

“இன்னும் ஒரு வருசம் இருங்கண்ணே. நீங்க போனா என் ரசம் பழையபடி ஆயிரும்னு சம்சாரம் பயப்படுறா.”

“எனக்கும் இந்தத் தெருவ விட்டுப் போக மனசில்ல தலைவரே” என்றார் பூமிராஜன்.

எல்லோரும் அவர் கையில் இன்னும் கழற்றாமல் இருந்த பட்டையைப் பார்த்தார்கள். அது மூச்சு விடவில்லை.