முழங்கைக்கு இடம்

காபி இயந்திரம் கழிப்பறை இருக்கையின் மேல் உட்கார்ந்திருந்தது.

வேறு இடம் இல்லை. கட்டிலுக்கு அடியில் காற்றடிக்கும் பம்பு. பம்பின் மேல் ஒரு மடக்கு மேசை. அதன் மேல் இன்னொரு மடக்கு மேசை. முதல் மேசை மழையில் நனைந்துவிட்டால் என்ன செய்வது?

"அவசியமானதை மட்டுந்தான் வாங்கியிருக்கேன்" என்றார் க்ளைவ்.

வேனுக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள் மெரே. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், பாவம்.

மெரே வாங்கனூய் ஊரில் பிளம்பர். படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்களைச் சோதிக்கும் உரிமமும் அவளிடம் இருந்தது. அவள் சரி என்று எழுதினால்தான் பச்சை ஸ்டிக்கர். அது கண்ணாடியில் இல்லாமல் கடற்கரையில் ஓர் இரவு தூங்கினால் நானூறு டாலர் அபராதம்.

வேன் க்ளைவின் மனைவி நோலீனுடையது. ஓய்வு பெற்றதும் தன் சேமிப்பில் வாங்கினாள். வெள்ளிக்கிழமை படகில் வேனை ஏற்றித் தென் தீவுக்குப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இன்று மெரே சரி என்றால் பயணம். இல்லையென்றால் இல்லை.

வாங்கிய நாளிலேயே என்னென்ன வேண்டும் என்று நோலீன் நான்கு வரி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். க்ளைவ் அதன் மேல் கேம்பிங் கடையின் விலைப்பட்டியலை ஒட்டினார்.

பிறகு ஆறு வாரம். சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போனார். வாழ்நாளில் ஓர் இரவுகூடக் கூடாரத்தில் படுக்காத மனிதர், கூடார முளை எப்படி அடிப்பது என்று கடைக்காரனுக்கே பாடம் எடுத்தார். அவனும் பவ்யமாகக் கேட்டுக்கொண்டு முளைகளை விற்றான்.

ரக்பி பார்க்க டிஷ் வந்தது. ஈ அடிக்க மின்சார மட்டை வந்தது. தூக்கம் வருவதற்காக அலை ஓசை எழுப்பும் ஒரு பெட்டியும் வந்தது. எங்கே வைத்துக் கேட்க? கடற்கரையில்.

ஒவ்வொன்றும் வரும்போது நோலீன் பார்த்தாள். முப்பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் க்ளைவின் அவசியங்கள்தான் காலில் விழும். வேன் மட்டும் விதிவிலக்கா?

"அங்கிள், கட்டில விரிங்க. விரிச்சிட்டு டாய்லெட்ல நீங்களே உக்காருங்க. கதவ சாத்தணும்" என்றாள் மெரே.

கட்டில் விரிந்திருக்கும்போதும் உட்கார முடியவேண்டும். முழங்கையை அசைக்க இடம் இருக்கவேண்டும். அதுதான் விதி.

க்ளைவ் காபி இயந்திரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு மூடியது. உள்ளே ஏதோ சரிந்தது. ஏதோ உருண்டது. அலை ஓசை தானாகவே எழுந்தது.

"முழங்கை அசையுதா அங்கிள்?"

"ஒண்ணு அசையுது."

"ரெண்டும் அசையணும்."

அதன் பிறகு புல்தரையில் ஊர்வலம்தான். மேசை இறங்கியது, இன்னொரு மேசை இறங்கியது, டிஷ் இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் க்ளைவ் வாதாடினார். "இதில்லாம ஒரு ராத்திரி தாங்க மாட்டே!" நோலீன் வாங்கி வாங்கி வெளியே வைத்தாள். நாய்க்கான உயிர்காப்பு உடை கடைசியாக வந்தது. அவர்களிடம் நாய் இல்லை.

இப்போது வேன் காலி. க்ளைவ் மறுபடி உட்கார்ந்தார். இரண்டு முழங்கையும் அசைந்தன. கழிவுநீர்த் தொட்டி ஒழுகவில்லை. குப்பைக்கூடைக்கு மூடி இருந்தது. மெரே தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்து சிங்க்குக்குக் கீழே குனிந்தாள்.

அங்கே ஒரே ஒரு தண்ணீர் கேன். அது மட்டும் நோலீன் வாங்கியது.

"ஒரு ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர், மூணு நாளைக்கு" என்று சொல்லி மெரே கேனைத் திருப்பிப் பார்த்தாள். "இது பன்னண்டுதான் ஆன்ட்டி."

க்ளைவின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"கேட்டியா நோலீன்! நான் வாங்கினது எல்லாத்தையும் வெளிய போட்டாச்சு. மகாராணி வாங்கினது ஒரே ஒரு சாமான், அதுலயும் கணக்குத் தப்பு! ரெண்டு பேருக்கு இருபத்திநாலு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்!"

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நோலீன். ஊசி மருந்தை அளந்த கை. ஒரு சொட்டுக்கூடப் பிசகியதில்லை.

"பதறாத நோலீன். ஷெட்டுல இதே மாதிரி கேன் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். நான் இல்லேன்னா நீ என்ன செய்வேன்னே தெரியல!"

க்ளைவ் ஓடினார். எழுபத்திரண்டு வயதில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

தாளில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. 'எத்தனை பேர்?' மெரேயின் பேனா அதன் மேல் நின்றது.

"அங்கிள் வரட்டுமா ஆன்ட்டி?"

"வேணாம் கண்ணு. கேன்ல இருக்கிறபடியே எழுதிடு."

மெரே நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நோலீன் கண்ணைத் திருப்பவில்லை. விரித்த படுக்கையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நிதானமாக நீவிக்கொண்டிருந்தாள்.

மெரே கட்டத்தில் எண்ணாக ஒரே ஒரு கோடு கிழித்தாள். மேலிருந்து கீழே, நேராக. கையெழுத்தும் போட்டாள்.

ஷெட்டுக்குள் டப்பாக்கள் சரியும் சத்தம். பிறகு க்ளைவின் குரல், வெற்றிக் குரல்:

"கெடச்சிருச்சு நோலீன்! கெடச்சிருச்சு!"