சம்பந்தியின் சைக்கிள்

"மண்டபமெல்லாம் வேணாம் சம்பந்தி. எங்க ஊரு கோயில்லயே தாலியக் கட்டிட்டு, வூட்டோட சாப்பாட்ட முடிச்சிக்கலாம்."

நரசிம்மன் இப்படிச் சொன்னதும் சிவப்பிரகாசத்துக்குச் சுருக்கென்றது.

தமிழரசி ஒரே மகள். நிச்சயம் முடிந்து, செங்கல்பட்டிலேயே பெரிய மண்டபமாகப் பார்த்துப் பேசி வைத்திருக்கிறார். பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது?

நரசிம்மனுக்கு மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை. வருகிறோம் என்று ஒரு போன்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் மனைவி லோகநாயகியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா சிவப்பிரகாசம் காட்டிலிருந்து திரும்ப வேண்டும்? முழங்கால்வரை சேறு, தலையில் ஹெல்மெட், கையில் சைக்கிள்.

சாதா சைக்கிள் இல்லை. முன்சக்கரம், பின்சக்கரம் ரெண்டுக்கும் ஷாக் அப்சார்பர் வைத்த மலைச் சைக்கிள். 'ஃபுல் சஸ்பென்ஷன்' என்பார்கள். வேரும் கல்லுமாய்க் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் அதில் தடதடவென்று இறங்கும்போது வயசு, சர்க்கரை, சர்க்கார் ஆபீஸ் வேலை எல்லாம் அவருக்கு மறந்துபோகும். மனைவி சம்பூர்ணத்துக்கு மட்டும் அது சக்களத்தி.

நரசிம்மன் சைக்கிளைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். லோகநாயகி உச்சுக் கொட்டினாள். அதற்கப்புறம்தான் 'மண்டபம் வேணாம்'.

ஓகோ, சைக்கிளில் போகிறவன் பொண்ணுக்கு மண்டபம் ஒரு கேடா என்று நினைத்துவிட்டார்கள் போல.

"சீர்வரிசையும் வேணாம். பொண்ணு கட்டின புடவையோட வந்தா போதும்" என்றார் நரசிம்மன்.

"கல்யாணத்துக்கு அப்பறமும் தமிழு வேலைக்குப் போவட்டும். சம்பளத்த உங்க கையிலயே குடுக்கட்டும்" என்றாள் லோகநாயகி.

சிவப்பிரகாசத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பொண்ணு சம்பளத்துல உக்காந்து துன்றவனா நானு?"

"ஏங்க, செத்த சும்மா இருங்க" என்றாள் சம்பூர்ணம்.

"நீ இரு. நான் சைக்கிள்ல போனா இவங்களுக்கு இன்னா கொறஞ்சிபோச்சு? இந்த சம்பந்தம் புடிக்கலன்னா நேராச் சொல்லிட்டுப் போவட்டும். எதுக்கு இந்தச் சுத்தி வளச்ச பேச்சு?"

சமையலறை வாசலில் நின்ற தமிழரசிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆசைப்பட்ட மாப்பிள்ளை, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

நரசிம்மன் கோபப்படவில்லை. எழுந்து வந்து சிவப்பிரகாசத்தின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புடிக்காம இன்னா சம்பந்தி? கல்யாணத்த நிறுத்துன்னு எங்க சொந்தக்காரங்க ஒத்தக் கால்ல நின்னாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

"எதுக்கு நிறுத்தணும்?"

நரசிம்மன் தெருவில் யாரும் நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க மறச்சாலும் எங்களுக்குத் தெரியும். போன வாரம் இவ போன் பண்ணப்ப சம்பூர்ணம் தங்கச்சிதான் அழாத கொறையா சொல்லிச்சாம். 'ஃபுல் சஸ்பென்ஷன் வந்ததுலேர்ந்து அவரு வூடே தங்கறதில்ல, காட்டுல சுத்திகினு கீறாரு'ன்னு. இன்னிக்கு சஸ்பென்ஷன் வரும், நாளைக்கு வேல திரும்பக் கெடைக்கும். தமிழு மாதிரி மருமவ எங்களுக்குக் கெடைப்பாளா சம்பந்தி?"