சங்கத்துக்கு வந்த தாழி

அந்தச் சின்ன ஊரின் வரலாற்றுச் சங்கம் நாலு பேரோடும் ஒரு கல்வெட்டோடும் தொடங்கியது. உறுப்பினர்கள் நாற்பது பேரானபோது, ஏரிக்கரையில் தோண்டியெடுத்த மண் தாழி ஒன்று வந்து சேர்ந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதையே சுற்றி நின்றார்கள். கல்வெட்டுக்கு வயிறு எரிந்தது.

"வெறும் பானைக்கு இவ்வளவு கூட்டமா?" என்றது.

"உங்க பக்கத்துல ஒரு ஓரம் கிடைச்சதே எனக்குப் போதும்ணே" என்றது தாழி.

அந்தப் பணிவு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்த கல்வெட்டு, ஒருநாள் தாழியின் மேலேயே விழுந்தது. உடைந்த ஓடுகளைப் பொறுக்கியவர்கள், உள்பக்கத்தில் யாரோ கீறிய ஒரு பெயரைக் கண்டார்கள். அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சங்கத்தில் நானூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒட்டவைத்த தாழி, நிமிர்த்தி நிறுத்திய கல்வெட்டிடம் உருகிச் சொன்னது: "நீங்க விழலைன்னா அந்தப் பேரு வெளிய தெரிஞ்சிருக்குமாண்ணே? எல்லாம் உங்க புண்ணியம்."